வீட்டுப் பிள்ளையும் வீட்டு வேலையாளும்

பிரெஞ்சு மொழியிலே 'ஓ பேர்' என்றொரு தொடர் உண்டு. 'சமநிலையில்' என்பது அதன் பொருள். பிறர் வீட்டிலே தங்கி, அவ்வீட்டுப் பிள்ளைகளைப் பராமரித்து, அதற்கு ஈடாக உணவும் உறையுளும் கைச்செலவுக்குச் சிறிது பணமும் பெறும் இளம்பெண்ணை ஐரோப்பியர் இத்தொடரால் அழைத்தனர். அவள் வேலைக்காரியும் அல்லள், விருந்தாளியும் அல்லள், வீட்டாருக்குச் சமமானவள் என்பதே இப்பெயர் உணர்த்தும் கருத்து. ஆயின், ஒருவரைச் சமமானவர் என்று பெயரிட்டு அழைக்கவேண்டிய தேவை, அவர் சமமாக நடத்தப்படுவாரோ என்னும் ஐயம் எழும் இடத்திலேயே தோன்றுகின்றது. உடன்பிறந்தாளை எவரும் அவ்வாறு அழைப்பதில்லை.

இந்த ஐயத்தை ஐரோப்பியர் உணர்ந்தே இருந்தனர். 1969ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஐரோப்பிய மன்றத்தின் ஆதரவில் உருவான உடன்படிக்கை, இத்தகைய பெண் நாளொன்றுக்குப் பொதுவாக ஐந்து மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்தலாகாது என வரையறுத்தது. ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை 1986இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. அங்கு இதனை மேற்பார்வை செய்தது தொழில் திணைக்களம் அன்று. வெளிநாடுகளுடன் பண்பாட்டு உறவை வளர்க்கும் தகவல் நிறுவனமே. 1999இல் அப்பொறுப்பு இராஜாங்கத் திணைக்களத்தைச் சேர்ந்தது. எனவே, அத்திட்டத்தின் பார்வையில் அமெரிக்காவுக்கு வரும் பெண் தொழிலாளி அல்லள். பண்பாட்டுப் பரிமாற்றத்தில் பங்குகொள்பவள். ஆயினும் அவளிடம் வாரமொன்றுக்கு 45 மணித்தியாலம் வரை வேலை வாங்கலாம். பண்பாடு என்ற சொல்லுக்கும் நாற்பத்தைந்து என்ற எண்ணுக்கும் இடைப்பட்ட இடத்திலேதான் அவள் ஓராண்டு வாழ்கின்றாள்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரிலிருந்து 2018 ஓகஸ்ட் மாதம் பொஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டுக்கு வந்துசேர்ந்த இருபது வயதுப் பெண்ணொருத்தியின் வாழ்வும் அத்தகையதே. தாயும் தந்தையும் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் புறப்படும் வீடு அது. நான்கு வயதில் ஒரு மகன். ஒன்றரை வயதில் ஒரு மகள். வந்தவளுக்கெனத் தனியறை ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. கதவிலே பிள்ளைகள் வரைந்த வரவேற்பு அட்டை தொங்கியது. "இது உன் வீடு, குளிர்சாதனப் பெட்டியில் எது இருந்தாலும் எடுத்துச் சாப்பிடு" என்றாள் வீட்டுத் தாய். அவள் மனமாரவே சொன்னாள். ஆயினும் முதல் மூன்று வாரங்களும் அப்பெட்டியைத் திறப்பதற்கு அவள் கை கூசியது. பிள்ளைகளுக்குப் பழம் நறுக்கும்போது மிஞ்சிய துண்டுகளே பல நாள் அவளது நண்பகல் உணவாயின. பிறர் வீட்டு உணவைக் கேளாமல் எடுக்கும் உரிமை, சொல்லால் வழங்கப்படினும் கைக்கு வந்துசேர நாட்செல்லும்.

மார்கழி மாதத்தில் அவ்வூரிலே மாலை நான்கரை மணிக்கே இருள் கவிந்துவிடும். பாலர் பாடசாலைக்குச் சிறுவனை அனுப்புவதற்கு உடை மேல் உடையாக அணிவித்து, சப்பாத்தும் கையுறையும் மாட்டி முடித்த கணத்திலே அவன் சிறுநீர் கழிக்க வேண்டும் என்பான். எல்லாவற்றையும் கழற்றி மீண்டும் மாட்டவேண்டும். பனியில் கார் ஓட்டவும், அழும் குழந்தையை இடுப்பில் வைத்தபடி கஞ்சி கிண்டவும் அவள் பழகிக்கொண்டாள். விதிகளின்படி பிள்ளைகளின் துணி, பிள்ளைகளின் அறை, பிள்ளைகளின் உணவு என்பனவே அவள் பொறுப்பு. ஆனால், பிள்ளைகளின் துணியோடு பெரியவர்களின் துணி நான்கும் சேர்ந்தே கூடையில் வரும். அதனைப் பிரித்து ஒதுக்கிவைப்பது வேலையாளின் செயல். சேர்த்தே துவைப்பது வீட்டுப் பிள்ளையின் செயல். அவள் சேர்த்தே துவைத்தாள்.

மாலை ஆறு மணிக்கு அவள் வேலை முடிந்துவிடும். ஆறரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கும் ஓர் ஆசனம் உண்டு. குழந்தை கரண்டியைக் கீழே எறியும். அதனை எடுப்பவர் யார்? தாய் களைத்திருப்பாள், தந்தை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவரும் அவளை ஏவுவதில்லை. அவளே குனிந்து எடுப்பாள். கழுவித் துடைத்துக் கொடுப்பாள். பின்னர் குழந்தையின் வாயையும் துடைப்பாள். அந்த அரைமணித்தியாலம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நத்தார் வாழ்த்து அட்டைக்காகக் குடும்பம் படம் பிடித்துக்கொண்ட நாளில் பிள்ளைகள் இருவரும் அழகாகச் சிரித்தனர். கமெராவுக்குப் பின்னால் நின்று அவர்களைச் சிரிக்கவைத்தவள் அவளே.

இவற்றால் அவ்வீட்டாரைக் கொடியவர் எனக் கருதுதல் தவறாகும். அவளுடைய கல்லூரிப் பாடங்களுக்கு விதிப்படி 500 டொலர் கொடுத்தனர். அவள் காய்ச்சலுற்றபோது தந்தை வேலைக்குச் செல்லாது நின்றார். அவர்களுக்கும் அச்சம் இருந்தது. 1997ஆம் ஆண்டு அதே மசச்சூசெட்ஸ் மாநிலத்திலே, இங்கிலாந்திலிருந்து வந்த இளம்பெண்ணொருத்தியின் பராமரிப்பிலிருந்த எட்டு மாதக் குழந்தை இறந்தமை பற்றிய வழக்கு உலகெங்கும் பேசப்பட்டது. முன்பின் அறியாத ஒருத்தியின் கையிலே குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போகும் தாய்க்கு அந்நினைவு எளிதில் அகலுவதில்லை.

அச்சத்தினும் ஆழமான ஒன்று தை மாதத்திலே நிகழ்ந்தது. குழந்தை ஒருநாள் தன் தாயிடம் தண்ணீர் கேட்டது. 'ஆகுவா' என்று ஸ்பானிய மொழியிலே கேட்டது. தாய் ஒருகணம் பேசாது நின்றாள். பின்னர் முறுவலித்து, "இன்னும் நிறையக் கற்றுக்கொடு" என்றாள். மறுவாரம் முதல் இரண்டு நாட்கள் மாலை நான்கு மணிக்கே வீடு திரும்பலானாள். தமிழ் அகப்பாட்டு மரபு நற்றாய்க்கும் செவிலிக்கும் தனித்தனியே கூற்று வழங்கியது. பெற்றவளின் அன்பும் வளர்த்தவளின் அன்பும் ஒரே முற்றத்தில் நிற்க இடம் உண்டென அது கண்டது. அந்த வீட்டில் இரு பெண்களும் தத்தம் கூற்றை விழுங்கிக்கொண்டனர்.

இனி, பணத்தின் கணக்கு. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 7.25 டொலர். 45 மணித்தியாலத்துக்கு 326.25 டொலர். இதில் நூற்றுக்கு நாற்பது வீதத்தை உணவுக்கும் உறையுளுக்குமெனக் கழித்தால் எஞ்சுவது 195.75 டொலர். 2009 முதல் பெரும்பாலான பெண்கள் வாரந்தோறும் பெற்றது இத்தொகையே. மணித்தியாலத்துக்குப் பங்கிட்டால் 4 டொலர் 35 சதம். 2018இல் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி 11 டொலராக இருந்தது. வீட்டுப் பிள்ளைக்குக் கூலி பேசுவது அழகன்று என்ற நாகரிகமே அந்த இடைவெளியை மூடிநின்றது. 'வீட்டுப் பிள்ளை போல வைத்திருக்கிறோம்' என்னும் தொடர் தமிழ் வீடுகளிலும் கேளாதது அன்று.

அவள் ஓராண்டு முடிந்து 2019 ஓகஸ்டில் நாடு திரும்பினாள். அவ்வாண்டே, கூலியைத் தாழ்த்திவைக்கத் தம்முள் கூடினர் என்னும் வழக்கிலே முகவர் நிலையங்கள் பதினைந்து, குற்றத்தை ஏற்காமலே, ஏறத்தாழ ஓர் இலட்சம் பெண்களுக்காக 65.5 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கின. டிசெம்பர் 2ஆந் தேதி பொஸ்டனிலுள்ள மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம், மாநிலத்தின் வீட்டுத் தொழிலாளர் சட்டமும் கூலிச் சட்டமும் இப்பெண்களுக்கும் உரியன எனத் தீர்ப்பளித்தது. மணிக்கணக்குப் பார்த்தால் வீட்டின் அன்பு கெட்டுவிடும் எனச் சில குடும்பங்கள் வருந்தின. ஆனால் அன்பைக் கெடுப்பது கணக்கன்று. அன்பின் பெயரால் கணக்கை மறைப்பதே அதனைக் கெடுக்கின்றது. கூலி பெறும் ஆசிரியர் மாணவரை நேசியாதிருப்பதில்லை.

தீர்ப்பு வந்தபோது அவள் பொகோட்டாவில் இருந்தாள். புறப்படுமுன் தனக்குப் பின் வரும் பெண்ணுக்கென ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தாள்: சிறுவனுக்கு வேர்க்கடலை ஆகாது, குழந்தைக்கு உறக்கம் வராவிடில் முதுகை வட்டமாகத் தடவவேண்டும், பனிநாளில் சப்பாத்து மாட்டுமுன் மலகூடத்துக்கு அழைத்துச்செல்லவேண்டும். அவள் எழுதிக்கொண்டிருக்கையில் குழந்தை தன் சிறு சப்பாத்துகளைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்து, வெளியே போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தது. அவள் சப்பாத்தை மாட்டிவிட்டு, கடைசிப் பக்கத்திலே இரண்டு வரிகளைச் சேர்த்தாள். பசித்தால் குளிர்சாதனப் பெட்டியைத் திற, கேட்கவேண்டியதில்லை. வேலை செய்த மணியை நாள்தோறும் குறித்து வை.