டாக்டரின் ஓய்வு நாள்

டாக்டர் ஒருவரைச் சினிமாக் கொட்டகையில் பார்த்தால் நம்மில் பலருக்கு லேசாகக் கோபம் வருகிறது. வக்கீல் சீட்டாடலாம், வாத்தியார் கிரிக்கெட் பார்க்கலாம், பாங்கு மானேஜர் கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடலாம். அதெல்லாம் நம் கண்ணை உறுத்துவதில்லை. டாக்டர் மட்டும் இடைவேளையில் முறுக்குத் தின்றுகொண்டு நின்றால், 'இவர் இங்கே நிற்கிறாரே, அங்கே யாருக்கு என்ன ஆயிற்றோ!' என்று தோன்றிவிடுகிறது. அந்தச் சமயம் நம் உடம்பு சௌக்கியமாகத்தான் இருக்கும். ஆனாலும் என்றைக்கோ வரப்போகிற நம் வியாதிக்காக அவர் இன்றைக்கே தயாராகக் காத்திருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிற டாக்டர்கள் விஷயத்தில் இந்தக் கோபம் இரட்டிப்பாகிறது. சென்ற ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஏற்காட்டில் சில நாள் தங்கியிருந்தபோது இதை நேரிலேயே பார்த்தேன். ஏரிக்கரையில் என் பக்கத்தில் நின்ற சேலத்துக்காரர் ஒருவர், படகில் போய்க்கொண்டிருந்த ஐந்து இளைஞர்களைச் சுட்டிக் காட்டினார்.

"நெஞ்சு வலின்னு எங்க பெரியப்பாவைத் தூக்கிட்டுப் போனப்ப ராத்திரி இருந்த டாக்டருங்க இவங்கதான் சார். பாருங்க, எப்படிச் சிரிச்சுக்கிட்டுப் படகு விடறாங்க!"

"பெரியப்பா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன்.

"அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு. எஸ்டேட்டுக்குப் போயிருக்காரு" என்றார், முகத்தில் திருப்தி இல்லாமல்.

படகு கரைக்கு வந்ததும் நானாகவே போய் அவர்களோடு பேச்சுக் கொடுத்தேன். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவசர மருத்துவத்தில் மேல்படிப்புப் படிப்பவர்கள். இவர்களுக்கு ரெஸிடென்ட் என்று பெயர். குடியிருப்பவர் என்று அதற்குப் பொருள். அந்தக் காலத்தில் பயிற்சி டாக்டர்கள் உண்மையாகவே ஆஸ்பத்திரியில்தான் குடியிருந்தார்கள். இப்போது விடுதி தனியாக இருக்கிறது. ஆனால் பழைய பெயர் இன்னும் பெரும்பாலும் பொருத்தமாகவே இருப்பதாக ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இந்தப் படிப்பே நம் நாட்டுக்குப் புதிது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துப் பல்கலைக்கழகம் 1970-ல் இதற்கென்று முதல் பயிற்சியைத் தொடங்கியது. இந்தியாவில் 2009-ல்தான் இதைத் தனித் துறையாக மருத்துவக் கவுன்சில் ஒப்புக்கொண்டது. நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓட ஆரம்பித்தது அதற்கு முந்திய வருஷம், 2008-ல். அதற்கு முன்னெல்லாம் 'காஷுவாலிட்டி' என்ற அறையில் அன்றைக்கு முறை வந்த டாக்டர் யாரோ அவர் இருப்பார். இப்போது வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாசலிலேயே பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் நிமிஷக் கணக்கு. பாம்புக் கடி, மாரடைப்பு, விஷம் குடித்தவர், லாரியில் அடிபட்டவர் எல்லாரும் அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் பகல், பிறகு பன்னிரண்டு மணி நேரம் இரவு என்று முறை மாறி மாறி வரும். ஐந்து பேரும் ஒரே நாளில் மலைக்கு வர, மற்றவர்களுடைய இரவுகளை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து, ஒரு மாதமாகக் கடன் தீர்த்திருக்கிறார்கள்.

மிளகாய் பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அன்று மாலை வரையில் அவர்களோடேயே சுற்றினேன். அவர்களுடைய மோட்டார் சைக்கிள்களில் ஒன்றில் பின்னால் உட்கார்ந்துதான் போனேன். வாசகர்கள் பயப்பட வேண்டாம். அவர்களைப் போல மலைப்பாதையில் மெதுவாக வண்டி ஓட்டுகிறவர்களை நான் பார்த்ததே இல்லை. காரில் வந்த சுற்றுலாக் குடும்பங்கள் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போயின. "ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர், சார். பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்களை நாங்கள் கீழே பார்க்கிறோம்" என்றார் வண்டி ஓட்டியவர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நமக்கு அவை வேடிக்கை. அவர்களுக்கு அந்த இருபதில் சில, முகங்களோடு சேர்த்து ஞாபகம் இருக்கின்றன.

ஓய்வு நாளில் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? நான் எதிர்பார்த்தது சத்தமும் கும்மாளமும். நடந்தது வேறு.

ஒருவர் நேராகத் தாவரவியல் தோட்டத்துக்குப் போய்விட்டார். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையார் 1963-ல் அமைத்த ஆர்க்கிட் தோட்டம் அங்கே இருக்கிறது. மரத்தைப் பற்றிக்கொண்டு காற்றில் வேரை விட்டுப் பூக்கும் செடிகள். அவற்றில் ஒரு பூவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டே இருந்தார். நாங்கள் ஏரியைச் சுற்றி நடந்து, சாப்பிட்டு, திரும்பி வந்த பிறகும் அதே பூதான். வேலையில் நாலு நிமிஷத்துக்குள் தீர்மானம் செய்ய வேண்டியவர் அவர்.

இரண்டு பெண்களில் ஒருவர் பாட்டுக் கற்றவர். ஸேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில், ஆள் அரவம் இல்லாத ஒரு பாறையில் உட்கார்ந்து மோகன வர்ணம் பாடினார். குரல் அப்படி ஒன்றும் மேடைக் குரல் இல்லை. பல்லவியில் தொடங்கி கடைசிச் சிட்டைஸ்வரம் வரையில் ஒரு வரி விடாமல் பாடினார். நடுவில் நிறுத்துவதே இல்லை என்பது அவருடைய நியமமாம். இன்னொரு பெண், சிநேகிதியின் பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதே பாறையில் கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். "அவளுடைய பொழுதுபோக்கு தூக்கம், சார். எங்கள் எல்லாரையும் விட அவள்தான் ஒழுங்காக அப்பியாசம் செய்கிறாள்" என்றார்கள்.

நான்காமவர் ஓர் எஸ்டேட்டில் தொழிலாளிகளைக் கூட்டிவைத்து, பாம்பு கடித்தால் என்ன செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடிவாயைக் கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ ஆடாமல் அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்க விடாமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர வேண்டும். மூச்சும் பேச்சும் இல்லாமல் ஒருவர் விழுந்துவிட்டால், மார்பின் நடுவே நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை எப்படி அழுத்துவது என்று ஒரு தலையணையை வைத்துச் செய்து காட்டினார். "லீவிலும் இதே வேலையா, தம்பி?" என்றேன். "கீழே எல்லாம் நடந்து முடிந்த பிறகு எங்களிடம் வருகிறார்கள், சார். இங்கேதான் நடப்பதற்கு முன்னால் நாங்கள் வர முடிகிறது" என்றார்.

ஐந்தாமவருடைய சமாசாரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் காப்பிச் செடி வளர்க்கிறார். ஸேர்வராயன் மலையில் காப்பி வந்த கதை பழையது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டு வந்தது. இவருடைய காப்பிக்கு வயது மூன்றுதான். மேல்படிப்பில் சேர்ந்த வருஷம், மழைக் காலத்தில், தெரிந்தவருடைய தோட்டத்து ஓரத்தில் சவுக்கு மர நிழலில் பத்து நாற்று நட்டாராம். அராபிகா நட்டால் பலனுக்கு மூன்று நாலு வருஷம் ஆகும். அவர் டாக்டர் படிப்பும் மூன்று வருஷம். நான் போயிருந்தபோது கோடையின் முதல் மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. பத்துச் செடியில் ஆறு, முதல் தடவையாகப் பூத்திருந்தன. வெள்ளை வெளேரென்று, மல்லிகை போன்ற வாசனை. இரண்டு மூன்று நாளில் வாடிவிடும் பூ.

அன்று மாலை பாட்டுக்காரப் பெண் என்னிடம், "நீங்கள் கதை எழுதுகிறவர்தானே, சார்? எங்களிடம் நிறையக் கதை இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கும் முடிவு தெரியாது" என்றார்.

எனக்கு அது சட்டென்று விளங்கவில்லை. அவர் விளக்கினார். நோயாளி வருகிறார், மூச்சுக்கு வழி செய்து, ரத்தத்தை நிறுத்தி, மேலே வார்டுக்கோ ஆபரேஷன் தியேட்டருக்கோ அனுப்புகிறார்கள். அதற்குள் அடுத்த ஆம்புலன்ஸ். போனவர் பிழைத்தாரா, மறுபடி நடந்தாரா, பெண் கல்யாணத்தைப் பார்த்தாரா என்பது அநேகமாகத் தெரிவதே இல்லை. இறந்து போகிறவர்கள் மட்டும்தான் அவர்கள் கண் முன்னாலேயே இறக்கிறார்கள். யாராவது ஒருவர் தினமும் பல தொடர்கதைகளின் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துக்கொண்டு, துக்க முடிவு என்றால் மாத்திரம் கடைசி அத்தியாயமும் கிடைக்கும் என்று ஏற்பாடு செய்தால் அவர் மனசு என்ன ஆகும்?

வர்ணத்தை ஏன் நடுவில் நிறுத்துவதில்லை என்று அப்போது புரிந்தது. பூவை ஏன் முழுக்க வரைந்தே தீர வேண்டும் என்பதும் புரிந்தது. காப்பிக்காரர் வாய் விட்டே சொன்னார்: "இதோட முடிவு எனக்குத் தெரியும், சார். சிவப்பாப் பழுக்கும்."

பொழுதுபோக்கு என்ற நம் வார்த்தை இவர்களுக்குச் சரிப்படவில்லை. பொழுது போகாமல் இவர்கள் தவிக்கவில்லை. படம் வரைகிறவரைப் பற்றி மற்றவர்கள் சொன்ன ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எழுதலாம் என்று அவரே அனுமதி கொடுத்தார். முந்திய வருஷம் ஓர் இரவு ஒரு சிறு குழந்தையை அவர் கையில் கொண்டு வந்து கொடுத்தார்கள். பிழைக்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் வழக்கம் போல வேலைக்கு வந்தார். ஒரு தவறு இல்லை. ஒரு தாமதம் இல்லை. மேலே இருந்தவர்கள் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. காப்பிக்காரர்தான் கண்டுபிடித்தார். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு படத்தின் கீழேயும் தேதி இருக்கும். இரண்டு மாதமாகத் தேதியே இல்லை. புத்தகம் மட்டும் பையில் வந்து போய்க்கொண்டிருந்தது. நண்பர்கள் அவரை உட்கார வைத்துப் பேசி, மனநல மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். சில மாதங்கள் கழித்து மறுபடி ஒரு தேதி விழுந்தது. ஜுரம் பார்க்கிற கண்ணாடிக் குழாய் எல்லா நோயாளிகளுக்கும் உண்டு. டாக்டருக்கு அந்தக் குழாய் அவருடைய நோட்டுப் புத்தகமாக இருந்திருக்கிறது.

என் சிநேகிதரான வயதான டாக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "எங்கள் காலத்தில் முப்பத்தாறு மணி நேரம் ஒரே மூச்சாக நின்றோம். ஆர்க்கிட் எல்லாம் கிடையாது" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் முப்பத்தாறாவது மணி நேரத்தில் அவர் எதிரே படுத்திருந்த நோயாளியின் அபிப்பிராயம் என்னவோ! நியூயார்க்கில் 1984-ல் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் இறந்துபோனதன் பேரில் எழுந்த கேள்விகளால்தான், பயிற்சி டாக்டர்களின் வேலை வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று அங்கே விதி வந்தது. 2003-ல் அதை அமெரிக்கா முழுவதற்கும் ஆக்கினார்கள். நம் மத்திய அரசாங்கம் 1992-லேயே வாரத்துக்கு 48 மணி நேரம் என்று உத்தரவு போட்டது. அவசரத் தேவைக்கு உட்பட்டு என்று ஒரு வாசகமும் சேர்த்தது. 2023-ல் வந்த மேல்படிப்பு விதிகள் 'நியாயமான வேலை நேரம்' என்றும் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை என்றும் சொல்கின்றன. மருத்துவ மாணவர்களின் மனநலத்தை ஆராய்ந்த தேசியக் குழு 2024-ல் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சிபாரிசு செய்தது. 48-ல் கிளம்பிய வண்டி 74-ல் வந்து நின்றுகொண்டு, இதற்கு மேல் ஏற மாட்டேன் என்று கெஞ்சுகிறது!

மருந்தைத் தவிர வேறொன்றும் தெரிந்த டாக்டர்கள் நோயாளியை மறந்துவிடுவார்கள் என்று பயப்படக் காரணம் இல்லை. 1897 ஆகஸ்டு 20-ந் தேதி செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ், அந்த மகிழ்ச்சியைக் கவிதையாகவும் எழுதி வைத்தார். செக்காவ் மெலிகோவோ கிராமத்தில் மரம் நட்டார், கதை எழுதினார். காலரா வந்தபோது சுற்று வட்டார ஜனங்களுக்கு வைத்தியமும் பார்த்தார். நமக்குப் பக்கத்திலேயே ஸ்ரீபாத பினாகபாணி இருந்தார். கர்நூல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். வீட்டில் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களுக்குச் சங்கீத குரு. 1983-ல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றார். தொண்ணூற்றொன்பது வயது வரையில் வாழ்ந்தார். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட யாரும், டாக்டர் பாடுகிறாரே என்று மனசு நொந்ததாகத் தெரியவில்லை.

ஏரிக்கரையில் நின்ற சேலத்துக்காரரிடம் இதையெல்லாம் சொல்ல எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. பெரியப்பா படுத்திருந்த அந்த இரவில் அவருக்கு உலகமே நின்றுவிட்டது. அதில் கூட நின்ற டாக்டருக்கும் அது நின்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அப்படி ஒவ்வோர் இரவும் நின்றுவிட்டால் அடுத்த பெரியப்பாவுக்கு டாக்டர் இருக்க மாட்டார்.

ஐந்து பேருக்கும் படிப்பு முடிந்துவிட்டது. ஆளுக்கு ஓர் ஊராகப் போய்விட்டார்கள். காப்பிப் பழம் பழுப்பது நவம்பருக்கு மேல். அதற்குள் செடிக்காரருக்கு மதுரைப் பக்கம் உத்தியோகம். செடிகளை என்ன செய்தாரோ என்று எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. டிசம்பரில் என் கைபேசிக்கு அவர் ஒரு படம் அனுப்பினார். ஓர் உள்ளங்கையில் ஏழெட்டுச் சிவந்த பழங்கள். கை அவருடையதல்ல. புதிதாகச் சேர்ந்த முதல் வருஷத்து டாக்டர் ஒருவருடையதாம். இரவு முறை முடிந்த கையோடு மலைக்கு வந்து பறித்தாராம். தன் பங்குக்கு இன்னும் ஐந்து நாற்று நட்டிருக்கிறாராம்.