ஃபேனை நிறுத்திட்டு பத்து நிமிஷம்

வாரத்துக்கு ரெண்டு நைட் டூட்டி. அந்த ரெண்டு ராத்திரியும் வீட்டுல ஒரே ரகளை. பொண்ணுக்கு 5 வயசு. தூங்கும்போது அப்பா பக்கத்துல உக்காந்து ஸ்டீல் டங் டிரம் தட்டணும் அவளுக்கு. சரி, ரெக்கார்ட் பண்ணி வச்சிட்டுப் போவோம்னு நினைச்சேன். ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சது மூணு வாரம் இழுத்துருச்சு மக்களே.

தெரியாதவங்களுக்கு: சுவிட்சர்லாந்து பெர்ன் நகரத்துல 2000 வாக்குல ஃபெலிக்ஸ் ரோனர், சபீனா ஷேரர்னு ரெண்டு பேர் 'ஹாங்'னு ஒரு வாத்தியம் செஞ்சாங்க. ஹேண்ட்பேன் அதுல இருந்து வந்ததுதான். அது நம்ம சம்பளத்துக்கு எட்டாது. டங் டிரம் அதோட ஏழைச் சொந்தக்காரன். 2007ல அமெரிக்காவுல டென்னிஸ் ஹாவ்லெனாங்கறவர் காலி கேஸ் சிலிண்டர்ல நாக்கு நாக்கா வெட்டி ஒண்ணு செஞ்சார், அப்படியே பரவிருச்சு. என்கிட்ட இருக்குறதுல மோகனத்தோட அஞ்சு ஸ்வரம்தான். எங்க தட்டினாலும் அபஸ்வரம் வராது. அதான் நான் தைரியமா வாசிக்கிறேன்!

முதல் ரெக்கார்டிங்கைக் கேட்டா பாத்திரம் உருண்ட மாதிரி இருந்துச்சு. 'ட்டக்'னு அடி, உடனே நாதம் அமுங்கிருது, பின்னாலேயே ஃபேன் சத்தம் மேல ஏறி வருது. போன் பேச்சுக்காகச் செஞ்சதுங்க. சத்தம் பெருசானா தானா குறைக்கும், சின்னதானா தானா தூக்கும். இந்த வாத்தியத்துக்கு உயிரே தட்டின பிறகு தேஞ்சுக்கிட்டே போற அந்த சில செகண்ட்லதான் இருக்கு. அதைத்தான் போன் கெடுக்குது.

நெஞ்சைத் தட்டிப் பாக்குறோமே, அதை 1761ல எழுதி வச்சவர் ஆவென்ப்ரூகர். ஆஸ்திரிய டாக்டர், விடுதிக்காரர் மகன். தட்டுற விரலை விட்டுட்டு உள்ள இருந்து வர்றதைக் கேக்கணும்னு எம்பிபிஎஸ்ல திட்டு வாங்கிக் கத்துக்கிட்டேன். வீட்டுக்கு வந்து மறந்துட்டேன்.

அப்புறம் செஞ்சது இதுதான். தானா சத்தத்தை ஏத்தி இறக்குறதை அணைக்கக்கூடிய ரெக்கார்டிங் ஆப் போட்டேன். டேபிளும் சேர்ந்து அதிருதுன்னு டிரம்முக்கு அடியில மடிச்ச துண்டு. போனை ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் சாய்வா, தலையணை மேல. ரப்பர் முனைக் குச்சி. சத்தம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாம பாத்துக்கிட்டேன். ஏர்பிளேன் மோட் முக்கியம், நடுவுல ஆஸ்பத்திரில இருந்து போன் வரும்.

(432 ஹெர்ட்ஸ்ல வாசிச்சா நோய் தீரும்னு இந்த டிரம்மை விக்கிறாங்க. நம்பி மாத்திரையை நிறுத்திராதீங்க. தூக்கம் வந்தா சந்தோஷம், அவ்வளவுதான்.)

இருமல், மூச்சு, நாற்காலி கிறீச்சுன்னு எல்லாத்தையும் வெட்டி, சுத்தமான பத்து நிமிஷம் தயார் பண்ணி வச்சிட்டு டூட்டிக்குப் போனேன். ராத்திரி பத்தரைக்கு வீட்டம்மா போன். "இது அப்பா இல்லன்னு அழறாங்க."

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவளையே பக்கத்துல படுக்க வச்சேன். ஃபேன் ஆஃப். வேர்த்துக் கொட்டுது, "அப்பா, எப்ப ஃபேன் போடுவ?"ன்னு ரெண்டாவது நிமிஷத்துல ஒரு குரல். நாலாவது நிமிஷத்துல என் இருமல். எதையும் வெட்டல. ஆறாவது நிமிஷத்துல அவ குட்டிக் குறட்டை ஆரம்பிக்குது.

இப்போ அதைப் போட்டா தூங்கிடறா. போன வியாழக்கிழமை மூணு மணிக்கு வார்டு அடங்கினப்போ டூட்டி ரூம்ல நானும் ஹெட்போன்ல போட்டுக் கேட்டேன். குறட்டை வர்ற இடத்துக்கு முன்னாடியே சிஸ்டர் கதவைத் தட்டிட்டாங்க. கேஸ் வந்திருந்துச்சு.