கணிப்பும் கடனும்

அம்பத்தூரில் நம் பங்கின் இளைஞர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திரைப்பட விருதுகள் அறிவிக்கப்படும் காலம் நெருங்கினால், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் கூடுவர். எந்தப் படத்துக்கு விருது, எந்த நடிகருக்கு விருது என்று தத்தம் கணிப்பைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டுவர். அறிவிப்பு வந்தபின் உறைகள் பிரிக்கப்படும். முதியவரான நாமும் ஒரு தாள் வாங்கி எழுதுவதுண்டு. 2021இல் ‘கூழாங்கல்’ இந்தியாவின் சார்பில் ஆஸ்கார் போட்டிக்கு அனுப்பப்பட்டபோது நம் உறைகளிலெல்லாம் அதன் பெயரே இருந்தது. அப்படம் இறுதிப் பட்டியலை எட்டவில்லை. சிரித்துக் கலைந்தோம். அந்தக் கணிப்பு பொய்த்ததால் எவருக்கும் இழப்பில்லை.

ஆனால், பிறர் வாழ்வைத் தொடும் கணிப்பும் உண்டு. கடன் கேட்டு வாசலில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து, ‘இவர் திருப்பித் தருவாரா?’ என்று நம் மனம் எழுதி ஒட்டிவைக்கும் கணிப்பே அது.

விருதுப் பட்டியலில் இயக்குநர் பெயர் வரும். தயாரிப்பாளர் பெயர் வரும். அப்படத்தின் பின்னால் நின்ற கடன் எதிலும் வராது. தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரனை வாசகர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். கணக்குத் தணிக்கையாளராக இருந்து திரைத்துறைக்கு வந்தவர். அவர் தயாரிப்பில் 1986இல் ‘மௌன ராக’மும் 1990இல் ‘அஞ்சலி’யும் வெளிவந்தன. இரண்டுமே சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றன. அத்தகையவர் 2003 மே மாதத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கடன் நெருக்கடியே காரணம் என்று அந்நாளில் பரவலாகப் பேசப்பட்டது. அதே ஆண்டில் தமிழக அரசு, அளவுக்கு மிஞ்சிய வட்டியைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை அச்சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மீறுவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கணக்கு அறிந்தவரையே கடன் வீழ்த்துமாயின், அறியாதவர் நிலை என்ன? தண்டலை எடுத்துக்கொள்வோம். 1,000 ரூபாய்க்குக் கேட்டால் 900 கைக்கு வரும்; நாளொன்றுக்கு 10 ரூபாயாக 100 நாள் கட்டவேண்டும். பத்து விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால், முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், ஆண்டுக் கணக்கில் அது 75 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் காய்கறிக் கூடையைத் தலையில் சுமக்கும் தாய்மார் இந்தக் கணக்கையும் சேர்த்தே சுமக்கின்றனர்.

வட்டி பற்றித் திருச்சபை நெடுங்காலம் சிந்தித்து வந்துள்ளது. ஏழைகளுக்குக் குறைந்த செலவில் அடகுக் கடன் தந்த அறநிலையங்களை 1515இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் ஏற்றுக்கொண்டது. 1745இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், கடனுக்காகவே கூடுதல் பெறுவது பாவம் என்று கற்பித்தார். நியாயமான வேறு காரணங்களால் ஈடு பெறுவதற்கு இடமுண்டு என்பதையும் மறுக்கவில்லை. இன்றைய மறைக்கல்வி நூலோ, பட்டினிக்கும் சாவுக்கும் இட்டுச்செல்லும் கொடுவட்டியை மறைமுகக் கொலை என்றே கருதுகிறது. விவிலியம் இன்னும் நுட்பமானது. ஏழையின் போர்வையை அடகாகப் பெற்றால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. மாவரைக்கும் கல்லை அடகாகப் பெறவே கூடாது என்கிறது. ஒருவரின் பிழைப்பைப் பறித்துவிட்டு அவரிடம் கடனை எவ்வாறு கேட்பது?

இவற்றை எழுதும் தகுதி நமக்கு உண்டா என்பதே ஐயம். 2000 சனவரியில், அடுத்த தெருவில் வாழ்ந்த சகோதரி ஒருவர் 5,000 ரூபாய் கேட்டு வந்தார். கணவர் வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டிருந்தது; அவரே ரவிக்கை தைத்துப் பிள்ளைகளைக் காத்துவந்தார். “மூணு மாசத்துல குடுத்துடறேன் அண்ணா” என்றார். ‘தேறாது’ என்று கணித்தோம். கணித்தபடியே நூற்றுக்கு மூன்று வட்டியும், அடகாக அவருடைய தையல் இயந்திரத்தையும் கேட்டோம். மறுப்பேதும் கூறாமல் கொண்டுவந்து வைத்தார்.

அது மாபெரும் யூபிலி ஆண்டு. ஏழை நாடுகளின் கடன்களைப் பெருமளவு குறைக்கவோ, இயன்றால் முற்றிலும் நீக்கவோ வேண்டுமெனத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் விடுத்திருந்த அழைப்பை நம் பங்கில் விளக்கிப் பேசியவர் நாமே. நாம் பேசிய அன்றும் அவ்வியந்திரம் நம் வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய துணி போர்த்தி நின்றது.

தவக்காலத்தில் ஓரிரவு, பங்கு மன்றத்தில் ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் இத்தாலியப் படத்தைத் திரையிட்டனர். 1948இல் வெளிவந்து, ஆஸ்கார் சிறப்பு விருது பெற்று, 1995இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த படங்களின் பட்டியலிலும் இடம்பெற்ற படம். சைக்கிள் தொழிற்சாலையால் பெயர்பெற்ற அம்பத்தூருக்கு அக்கதை அந்நியமன்று. வேலைக்கு இன்றியமையாத சைக்கிள் அடகில் இருக்கிறது. அதை மீட்க, மனைவி கட்டில் விரிப்புகளை உருவிக்கொண்டு அடகுக் கடைக்குச் செல்கிறாள். வானளாவ அடுக்கப்பட்ட மூட்டைகளுக்கிடையே ஏறி, ஊழியர் ஒருவர் அவ்விரிப்புகளையும் செருகுகிறார். எத்தனை வீடுகளின் உறக்கம் அங்கே அடுக்கப்பட்டிருந்தது!

வீடு திரும்பும் வழியில், “என்னங்க, அந்த மெஷின்…” என்று தொடங்கிய இல்லாள் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. மறுநாள் விடியலில் இயந்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இனி வட்டி வேண்டாம் என்றோம். பதினான்கு மாதங்களில், சில்லறையும் தாளுமாக, 5,000 ரூபாயும் வந்து சேர்ந்தது. நம் கணிப்பு பொய்த்தது.

முதல் இரண்டு மாதங்களில் நாம் பெற்ற வட்டி 300 ரூபாய். அதைத் திருப்பித் தர நாணம் தடுத்தது. பிறகு அக்குடும்பம் வீடு மாறிப் போயிற்று. எங்கே என்று அறியோம். அதே தொகையைப் பின்னாளில் ஏழைகளுக்கான உண்டியலில் இட்டோம். ஆயினும் அந்தக் கடன் அடைந்ததாக மனம் ஒப்பவில்லை.

தமிழில் கடன் கொடுத்தவரும் கடன்காரர், வாங்கியவரும் கடன்காரர். ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாம் குற்றங்கள் என்று சொல்லுமிடத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம் கடன்கள் என்றே சொல்கிறது. இவ்வாண்டும் வேப்பமரத்தடியில் உறைகள் ஒட்டப்படும். நாமும் ஒரு தாள் எழுதுவோம். வாசலில் வந்து நிற்கும் மனிதரைக் குறித்து மட்டும் இனி எதையும் கணித்து ஒட்டிவைக்காதிருக்க இறைவன் அருள்வாராக.