லெப்டொப்பில் இருந்து லினக்ஸை அகற்றப் போகிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. கம்பஸில் ஐடி படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குத்தான் அதிகம் பயன்படும். மற்றவர்கள் மருமகனுக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ அனுப்பி விடுங்கள்.

இப்போது கணினி சம்பந்தமாக எதைப் படிக்கப் போனாலும் முதல் வருடத்திலேயே "உபுண்டு போட்டுக்கொண்டு வாங்க" என்று சொல்லி விடுகிறார்கள். எங்கள் காலத்தில் அதற்கு ஹாட் டிஸ்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அரைவாசிப் பேர் அதிலேயே விண்டோஸையும் சேர்த்து இழந்தார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓடும். டபிள்யூ.எஸ்.எல். என்று பெயர். மைக்ரோசொஃப்ட் 2016இல் இதைக் கொண்டு வந்தது. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில், விண்டோஸுக்குள் ஒரு சின்ன மெய்நிகர் கணினியில் உண்மையான லினக்ஸ் கேர்னலே ஓடுகிறது. (2001இல் இதே கம்பனியின் தலைவர் ஸ்டீவ் போமர் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னவர். பதினைந்து வருடத்தில் அதைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே குடியிருத்தி விட்டார்கள்!)

போடுவது சுகம். ஒரு கட்டளை, ஒரு ரீஸ்டார்ட், முடிந்தது. அகற்றுவதுதான் பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரிவதில்லை. அகற்ற வேண்டிய தேவையோ கட்டாயம் வருகிறது. ஏனென்றால் நம்மட பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் 256 ஜிபி டிஸ்க் உள்ள லெப்டொப். 2022இல் டொலர் ஏறிய பிறகு வாங்கிய விலைக்கு, அதை மாற்றுவதைப் பற்றி எந்த வாப்பாவும் யோசிக்க மாட்டார்.

சென்ற மாதம் என்னிடம் படித்த ஒரு பிள்ளை வாப்பாவோடு வந்தாள். கம்பஸில் இறுதி வருடம். தம்பி உயர்தரத்தில் ஐசிடி செய்கிறான், வீட்டில் இருப்பது இந்த ஒரு லெப்டொப்தான். "சேர், சி டிரைவ் சிவப்பாயிட்டு. லினக்ஸைக் கழட்டிட்டன். ஆனா இடம் வரல்ல" என்றாள். நண்பி ஒருத்தி சொன்னபடி விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் 'விண்டோஸ் சப்சிஸ்டம் ஃபோர் லினக்ஸ்' என்ற இடத்தில் இருந்த சரி அடையாளத்தை எடுத்து விட்டாளாம். ரீஸ்டார்ட்டும் செய்தாளாம். ஒரு ஜிபி கூடத் திரும்பவில்லை.

வராதுதான். அந்த அடையாளத்தை எடுப்பது, வீட்டுக்குக் கரண்டை நிற்பாட்டுவது மாதிரி. உள்ளே இருக்கும் சாமான் அப்படியேதான் இருக்கும். உபுண்டு முழுவதும், அதில் பிள்ளை செய்து வைத்த எல்லாமும், ஒரே ஒரு பெரிய பைலுக்குள் இருக்கிறது. அந்தப் பைலின் கடைசி எழுத்துகள் வி.எச்.டி.எக்ஸ். சி டிரைவில் பயனரின் ஆப்டேட்டா போல்டருக்குள் மறைந்திருக்கும். இவளுடையது 61 ஜிபி.

"நான் உள்ளுக்க நெறைய அழிச்சன் சேர்" என்றாள். உண்மைதான், உள்ளே பார்த்தால் 19 ஜிபிதான் பாவனையில் இருந்தது. ஆனால் இந்தப் பைல் வளரும், தானாகச் சுருங்காது. உள்ளே அழித்த இடத்தை லினக்ஸ் தனக்கென்று வைத்துக் கொள்ளும், விண்டோஸுக்குத் திருப்பிக் கொடுக்காது. அதோடு உள்ளே கேட்டால் "எனக்கு ஒரு டெராபைட் இருக்கிறது" என்று வேறு கணக்குக் காட்டும். அது அந்தப் பைல் வளரக்கூடிய எல்லை மட்டும். லெப்டொப்பில் அவ்வளவு கிடையாது. இதைப் பார்த்துவிட்டு இடம் இருக்கிறது என்று நம்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இடம் மட்டும்தான் பிரச்சினை, லினக்ஸ் இன்னும் தேவை என்றால், டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியால் அந்தப் பைலைச் சுருக்கலாம். அகற்றவே தேவையில்லை. இவளுக்கு அது வேண்டாம். "ப்ரொஜெக்ட் கோட் எல்லாம் கிட்ஹப்ல இரிக்கி சேர், முழுசா எடுத்திருங்க" என்றாள்.

அதற்கு முதல் அவளுடைய வட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு ஆலோசனையைக் காட்டினாள். உபுண்டுவைத் திறந்து, சுடோ போட்டு, ஆர்.எம். கட்டளையால் மூலப் போல்டரில் இருந்து எல்லாவற்றையும் வலுக்கட்டாயமாக அழிக்கச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். கீழே நாலைந்து பேர் கைவிரல் உயர்த்தியிருந்தார்கள். உறவுகளே, இந்தப் பதிவை எழுதத் தொடங்கியதே இந்த இடத்துக்காகத்தான். டபிள்யூ.எஸ்.எல்.லுக்குள் இருந்து பார்த்தால் உங்கள் சி டிரைவும் ஒரு போல்டர்தான். எம்.என்.டி. என்ற போல்டருக்குள் சி என்ற பெயரில் திறந்தபடி இருக்கும். மூலத்தில் இருந்து அழிக்கத் தொடங்கினால் அந்தக் கட்டளை லினக்ஸோடு நிற்காது. டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், உம்ரா போன படம், தம்பியின் நோட்ஸ் எல்லாவற்றையும் தேடிப் போகும். ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. அவள் அதைச் செய்யாமல் வந்தது அல்லாஹ்வின் உதவி. எழுதியவர் விளையாட்டுக்கு எழுதினாரா தெரியாமல் எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. விளங்காத கட்டளையைப் பகிர்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

சரியான வழி என்னவென்றால், முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. அதற்கு, அவள் எடுத்துவிட்ட அடையாளத்தைத் திரும்பப் போட்டோம். கூடவே 'வேர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபோர்ம்' என்பதற்கும். ரீஸ்டார்ட். பவர்ஷெல்லைத் திறந்து டபிள்யூ.எஸ்.எல். லிஸ்ட் கட்டளை கொடுத்தால் என்னென்ன லினக்ஸ் இருக்கிறது என்று காட்டும். உபுண்டு அப்படியே இருந்தது. கூடவே டொக்கர் டெஸ்க்டொப் என்று இன்னொன்றும் இருந்தது. அது டொக்கர் என்ற மென்பொருள் தனக்காக வைத்திருப்பது. பிள்ளைகள் சிலர் இதையும் தேவையில்லாதது என்று நினைத்து எடுத்துவிட்டு, பிறகு டொக்கருக்குள் இருந்த டேட்டாபேஸைத் தேடித் திரிவார்கள்.

பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தோம். இடப்பக்கம் கீழே ஒரு பெங்குவின் படமும் லினக்ஸ் என்ற பெயரும் இருக்கும். அதற்குள் உபுண்டு, அதற்குள் ஹோம், அதற்குள் பிள்ளையின் பெயர். லினக்ஸ் பாஸ்வேர்ட் மறந்திருந்தாலும் இந்த வழியில் தன்னுடைய பைல்களை எடுக்கலாம். அவளும் மறந்துதான் இருந்தாள்.

ப்ரொஜெக்ட் போல்டரைத் திறந்து, "டேட்டா என்று ஒரு போல்டர் இருக்கே, இதுவும் கிட்ஹப்பில் இருக்கா?" என்று கேட்டேன். முகம் மாறியது. ஏழு மாதமாக விவசாயிகளிடம் வீடு வீடாகப் போய் எடுத்த படங்கள், நெல் இலை நோய் சம்பந்தமாக. ஒவ்வொரு படத்துக்கும் கையால் பெயர் குறித்து வைத்திருக்கிறாள். கிட்ஹப்பில் பெரிய பைல்களை ஏற்ற வேண்டாம் என்று தொடக்கத்திலேயே ஒரு பட்டியலில் அந்தப் போல்டரின் பெயரை எழுதி விலக்கி வைத்திருந்தாள். அப்படிச் செய்வதுதான் வழமை, அதில் பிழையில்லை. ஆனால் விலக்கியது மறந்துவிட்டது. போனில் எடுத்த மூலப் படங்களை, போனில் இடமில்லை என்று எப்போதோ அழித்தாயிற்று. அப்படியென்றால் உலகத்தில் அந்த ஏழு மாதம் இருந்தது அந்த 61 ஜிபி பைலுக்குள் மட்டும்தான்.

வாப்பாவுக்குக் கணினி தெரியாது. ஆனால் மகளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "அதை வேற இடத்துல எடுத்து வைக்கேலாதா சேர்?" என்று கேட்டார். அந்த நேரத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

எடுக்கலாம். இரண்டு விதமாகச் செய்தோம். டேட்டா போல்டரை மட்டும் என்னுடைய வெளி ஹாட் டிஸ்குக்குக் கொப்பி பண்ணினோம். அதன் பிறகு எக்ஸ்போர்ட் கட்டளையால் உபுண்டு முழுவதையும் ஒரே பைலாக எடுத்தோம். என்றைக்காவது தேவைப்பட்டால் இம்போர்ட் செய்து அப்படியே எழுப்பலாம். இதில் ஒரு சின்ன விசயம்: அவள் கொண்டு வந்த பென் டிரைவ் 64 ஜிபிதான், இடம் போதும். ஆனாலும் எழுதவில்லை. ஃபேட் 32 முறையில் ஃபோர்மட் செய்த பென்னில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு பைலை எழுத முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் பென்னில் இருப்பது அழியும், அதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

கொப்பியான படங்களில் பத்துப் பதினைந்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். எண்ணிக்கையும் சரி பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அன்ரெஜிஸ்டர் கட்டளை. இதுதான் உண்மையில் அகற்றும் கட்டளை. "நிச்சயமாகவா?" என்று கேட்காது. என்டர் தட்டியவுடன் போய்விடும். உபுண்டுவில் இரண்டு பதிப்பு போட்டிருப்பவர்கள் பெயரை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தட்டுங்கள். ஸ்டார்ட் மெனுவில் உபுண்டுவை அன்இன்ஸ்டோல் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஸ்டோரில் இருந்து போட்டதாக இருந்தால் அதுவும் உள்ளே இருப்பதோடு சேர்த்துத்தான் அழிக்கும். ஒரு ஆப்பைத்தானே எடுக்கிறோம் என்று நினைக்க வேண்டாம்.

தட்டியதும் சி டிரைவ் சிவப்பில் இருந்து நீலத்துக்கு வந்தது. 61 ஜிபியும் திரும்பியது. டொக்கரும் ப்ரொஜெக்ட்டுக்குத் தேவைப்பட்டதால் மீதியை அப்படியே விட்டோம். டொக்கரோ அண்ட்ரொய்ட் எமுலேட்டரோ இல்லாதவர்கள், டபிள்யூ.எஸ்.எல். ஆப்பை அகற்றி, அந்த இரண்டு அடையாளங்களையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம். அவள் தொடக்கத்தில் செய்தது கடைசியில் செய்ய வேண்டியது.

இன்னொன்று. லெப்டொப்பைப் போட்டவுடன் "விண்டோஸா உபுண்டுவா" என்று கறுப்புத் திரையில் கேட்கிறதா? அப்படியானால் உங்களிடம் இருப்பது டபிள்யூ.எஸ்.எல். அல்ல, டிஸ்கைப் பிரித்துப் போட்டது. மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். லினக்ஸ் இருக்கும் பகுதியை அவசரப்பட்டு அழித்தால் லெப்டொப் விண்டோஸுக்கும் போகாமல் நிற்கும். அது வேறு வேலை.

இந்தச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். தேவையுள்ளவர்கள் வரலாம், காசு எதுவும் இல்லை. சார்ஜரையும், இருந்தால் ஒரு வெளி ஹாட் டிஸ்கையும் கொண்டு வாருங்கள். லெப்டொப்பை மட்டும் வாப்பாவிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், பிள்ளையும் வர வேண்டும். உள்ளே எது முக்கியம் என்று எனக்குத் தெரியாது.