சரிவு நிலத்துக்கு மரமே காவல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக கல்வராயன் மலை ஏறினால், அடிவாரத்தில் கோமுகி அணை. மேலே வெள்ளிமலை வரை சரிவெங்கும் மரவள்ளி. மலையாளி பழங்குடி மக்களின் கையில் காசு புரளவைப்பது இந்தக் கிழங்குதான். ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. ஆனால், கிழங்கைப் பிடுங்கும்போது மண் இளகிவிடுகிறது. அடுத்த பெருமழையில் மேல்மண் ஓடையில் இறங்குகிறது. நிலம் மெலிந்தால் விளைச்சல் குறையும். குடும்பம் கூலி வேலைக்கு வெளியூர் கிளம்பும்.

இதற்கு மருந்தும் மலையிலேயே உண்டு. சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்பு போட்டு, வரப்போரம் கடுக்காய், புளி, பலா நடலாம். இவை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை இடையில் விதைக்கும் சாமையும் கேழ்வரகும் சோறு போடும்.

ராஜஸ்தான் பாலைநிலத்து விவசாயிகள் கம்பு வயலில் வன்னி மரத்தை வெட்டாமல் காப்பதும் இதே கணக்கில்தான். மழை பொய்த்து கம்பு கருகினாலும், வன்னியின் தழை ஆடுமாடுகளுக்கும், காய் வீட்டுச் சமையலுக்கும் கிடைக்கும்.

பருவமழை தொடங்கியதும் நட்டு, முதல் மூன்று கோடைக்கு மூடாக்கு போட்டு, ஆடு கடிக்காமல் முள் அடைத்தால் போதும். மரவள்ளியை அடியோடு விட வேண்டியதில்லை. சரிவு குறைந்த இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.