பேட்டரி மேல பழி போடாதீங்க!

விடியக்காலைல அவசரமா கிளம்பறீங்க. சாவியைத் திருப்பினா, 'டிக்... டிக்...'. அவ்வளவுதான்! இன்ஜின் அசையவே இல்லை. உடனே நம்ம வாயில என்ன வரும்? "பேட்டரி போச்சு!" நானும் அதைத்தான் சொன்னேன். அந்த ரெண்டு வார்த்தைக்கு நான் கொடுத்த விலை ஐயாயிரத்துச் சொச்சம்.

எங்க வீடு சாத்தாங்காட்டுல. ஒரு பக்கம் மணலி, மறுபக்கம் திருவொற்றியூர், நடுவுல இரும்பு மார்க்கெட். டிரெய்லர் லாரிங்க வரிசை கட்டி நிக்கிற ஏரியா. நைனா டாக்சி ஓட்டறார். வண்டி ஓடினாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க வண்டியும் ரெண்டு நாள் தண்ணியில நின்னுச்சு. துடைச்சு, ஆயில் மாத்தி, ஓட ஆரம்பிச்சதும் அதை மறந்தே போயிட்டோம். அடுத்த மே மாசம் ஒரு ஏர்போர்ட் டிரிப். வண்டி ஸ்டார்ட் ஆகல. கஸ்டமர் திட்டிட்டு வேற வண்டி பிடிச்சுப் போயிட்டார்.

"டைனமோவைப் பாக்கணும்டா"ன்னு நைனா சொன்னார். (ஆல்டர்னேட்டர்னு சொன்னா எங்க ஏரியாவுல யாருக்கும் புரியாது. டைனமோதான்!) நான் கேக்கல. மொத மாச சம்பளம் கையில இருக்கிற திமிரு. புது பேட்டரி வாங்கிக் கொடுத்தேன். மூணு வாரம் வண்டி ஜம்முனு ஓடுச்சு. நாலாவது வாரம்... அதே 'டிக்... டிக்...'.

நைனா எதுவும் பேசல. பக்கத்து வண்டியிலேர்ந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் பண்ணிட்டு, ஓடற இன்ஜின்லேயே பேட்டரி டெர்மினலைக் கழட்டப் போனார். அம்பாசடர் காலத்து டெஸ்ட் அது. கழட்டியும் இன்ஜின் ஓடினா டைனமோ நல்லா இருக்குன்னு அர்த்தமாம். நல்லவேளை, டிரெய்லருக்கு வயரிங் பாக்கற எலக்ட்ரீஷியன் அண்ணன் அந்தப் பக்கமா வந்தார். "ணா, கையை எடுங்க! இப்போ வர்ற வண்டியில அப்படிக் கழட்டினா வோல்ட் எகிறி கம்ப்யூட்டரே போயிடும்"னு கத்தினார்.

அப்புறம் பாக்கெட்லேர்ந்து ஒரு சின்ன மல்டிமீட்டரை எடுத்தார். அன்னிக்கு நான் கத்துக்கிட்டதை உங்களுக்கும் சொல்லிடறேன்.

வண்டி சில மணி நேரம் சும்மா நின்ன பிறகு பேட்டரியோட ரெண்டு முனையிலயும் மீட்டரை வைங்க. 12.6 வோல்ட் காட்டினா ஃபுல் சார்ஜ். 12.2னா கிட்டத்தட்ட பாதி. 12க்குக் கீழன்னா பசியில கிடக்குன்னு அர்த்தம். செத்துப் போச்சுன்னு அர்த்தமில்லை! எங்களோடது 11.7. அண்ணன் அதைக் கழட்டிட்டுப் போய் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டார். காலையில 12.6. செல்ஃப் அடிக்கும்போது 10.4 வரைக்கும்தான் இறங்குச்சு. அந்த நேரத்துல 9.6க்குக் கீழ போனாத்தான் பேட்டரியைச் சந்தேகப்படணுமாம். ஆக, பேட்டரி நிரபராதி.

அடுத்து டைனமோ. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 13.8லேர்ந்து 14.5 வரைக்கும் வரணும். (ரொம்பப் புது மாடல்ல கம்ப்யூட்டரே இதைக் கூட்டிக் குறைக்கும். அதனால ஒரு தடவை கம்மியா காட்டினதுக்கெல்லாம் பதறாதீங்க.) ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டுப் பாத்தோம். 12.8தான்! "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல?"ன்னு நைனா முகத்துல ஒரு சிரிப்பு. "டைனமோ மாத்திடலாமா?"ன்னு நான் கேட்டேன். ஒரு தடவை சூடு பட்டும் புத்தி வரல பாருங்க.

அண்ணன் பதிலே சொல்லாம மீட்டர் முனையை நேரா டைனமோ பின்னாடி இருக்கிற போல்ட்டுல வைச்சார். 14.4! அங்கே 14.4, பேட்டரிகிட்ட 12.8. நடுவுல 1.6 வோல்ட்டை எவனோ முழுங்கறான்.

முழுங்கினது ஒரு வயர் முனை. டைனமோவுலேர்ந்து பேட்டரிக்கு வர்ற வயரோட லக், ரப்பர் மூடிக்குள்ள பச்சையா பூத்துக் கிடந்துச்சு. புயல் தண்ணி குடிச்சது, அதுக்கு மேல நம்ம கடல் காத்து. தொட்டா சுட்டுச்சு, வயர் தோல்கூடக் கருகியிருந்துச்சு. பேட்டரிக்குப் போக வேண்டிய கரண்ட் வழியிலேயே சூடா வீணாயிருக்கு. டைனமோ நல்லா வேலை செஞ்சதால டேஷ்போர்டுல சிவப்பு லைட்டும் எரியல. அழுகின முனையை வெட்டி, புது லக் அடிச்சு, போல்ட்டைத் தேச்சு மாட்டினார். பேட்டரியில 14.2. செலவு? கூலியோட சேர்த்து 200 ரூபாய்!

இன்னொரு விஷயம். நம்ம பக்கம் வண்டி நின்னுட்டா, உதவிக்கு முதல்ல கண்ணுல படறது டிரெய்லர்தான். அந்த லாரியில ரெண்டு பேட்டரியைத் தொடரா மாட்டி 24 வோல்ட் ஆக்கியிருப்பாங்க. நம்ம கார் 12 வோல்ட். அதுலேர்ந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் புகைஞ்சிடும். இன்னொரு கார்லேர்ந்து எடுத்தாலும், கடைசியா மாட்டற கறுப்பு வயரை நின்னு போன வண்டியோட பேட்டரியில மாட்டாம, தள்ளியிருக்கிற இன்ஜின் இரும்புல மாட்டுங்க. பேட்டரியிலேர்ந்து ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு பொறி போதும்.

நைனா இப்போ டேஷ்போர்டுல சொந்தமா ஒரு மல்டிமீட்டர் வைச்சிருக்கார். டாக்சி ஸ்டாண்டுல யார் வண்டி நின்னாலும் முதல்ல அவர் கைதான் பானெட்டைத் திறக்குது. முதல்ல இருந்த பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சுல 800 ரூபாய்க்குத் தள்ளிட்டு வந்தேனே, அதையும் ஒரு ராத்திரி சார்ஜ் போட்டிருந்தா இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்குமோ என்னவோ. அந்தப் பேச்சை மட்டும் நான் நைனாகிட்ட எடுக்கறதே இல்லை.