தராசு முள்

அக்கா மகன் ஒட்டாவாவில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அழைத்து, "மாமா, ரைபிளுக்கு ஒரு ஸ்கோப் வாங்கணும், நீங்கதான் சொல்லணும்" என்றான். நான் துப்பாக்கியைக் கையால் தொட்டவன் அல்ல. ஹட்டனில் முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். வில்லைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்குச் சோறு தண்ணி மறந்துபோகும் என்பது அவனுக்குத் தெரியும்.

அவன் சுடுவது காகித இலக்கை. எஃப்-கிளாஸ் என்று ஒரு போட்டி. அந்த 'எஃப்', அதைத் தொடங்கி வைத்த கனடாக்காரர் ஜோர்ஜ் ஃபார்குவார்சனின் பெயரில் வருகிறது. படுத்துக்கொண்டு, துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கியில் வைத்து, ஒவ்வொரு குண்டாக, காற்றைப் பார்த்துப் பார்த்துச் சுடவேண்டும். ஒட்டாவாவின் கொன்னாட் சுடுதளத்தில் 900 மீட்டர் வரை தூரம் உண்டு. 1000 யார் இலக்கில் நட்ட நடு வளையத்தின் விட்டம் 5 அங்குலம். எங்கள் லயத்து இஸ்தோப்பில் நின்றுகொண்டு, எதிர்மலை மாரியம்மன் கோயில் வாசலில் யாரோ வைத்த தேத்தண்ணிக் கோப்பையின் தட்டைத் தேடுவது போன்ற வேலை அது.

அவன் கேட்டபோது எனக்குள் ஒரு சின்னத் தயக்கம் இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். இந்த மலையில் துப்பாக்கியும் தூரக்கண்ணாடியும் துரைமாரின் பொருள்கள். நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் மேஜர் ரோஜர்ஸின் கல்லறை இருக்கிறது. 1400 யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் அந்த மனிதர் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். 1900இல் தோட்டத்துரைமார் தங்களுக்கென்றே ஒரு படை அமைத்தார்கள். சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்று பெயர், தலைமையகம் கண்டியில், 1949இல் கலைந்தது. கொழுந்து பறித்தவர்களுக்கு அந்தப் படையில் இடமில்லை. அம்மா சொல்வாள்: பங்களா மேட்டில் துரை பைனாகுலரோடு வந்து நின்றால், "கண்ணாடி போட்டுட்டாரு" என்று ஒரு குரல் நிரை நிரையாக இறங்கிவரும். பேச்சு நின்றுவிடும். கைகள் மட்டும் ஓடும். அவள் பேரன் இன்று ஒரு கண்ணாடியைத் தெரிவு செய்ய யோசனை கேட்கிறான். அதனால்தான் அந்த அழைப்பை நான் லேசாக எடுக்கவில்லை.

முதல் கேள்வியே உருப்பெருக்கத்தைப் பற்றித்தான். "நாப்பது மடங்கு காட்டுமாம் மாமா." இருபது வருடத்துக்கு முன்பு நான் விழுந்த குழி அது. புறக்கோட்டையில் ஒரு கடையில் 20x50 பைனாகுலர் ஒன்றை, எண்ணைப் பார்த்து மயங்கி வாங்கினேன். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு ஆறுமணிக்குருவி பார்க்கக் கொண்டுபோனேன். குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து வரும் அந்தப் பறவை, பேருக்கேற்றபடி விடியலிலும் அந்தியிலும் கத்தும். குரல் பத்து அடியில் கேட்கிறது, என் கண்ணாடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு நடுக்கம் மட்டுமே தெரிகிறது. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். ஐம்பதை இருபதால் வகுத்தால் இரண்டரை மில்லிமீட்டர். அந்தி நேரத்தில் கண்மணியோ ஐந்து, ஆறு மில்லிமீட்டர் விரிந்து காத்திருக்கும். இதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான், கடையில் நிற்கும்போது நினைவு வரவில்லை. அடுத்த மழைக்காலம் முடியுமுன் உள்வில்லையில் சிலந்திவலை மாதிரி பூஞ்சணம் படர்ந்துவிட்டது. உள்ளே நைதரசன் நிரப்பி அடைத்த கண்ணாடியாக இருந்தால் இந்த மலை ஈரம் அப்படி உள்ளே புகுந்திருக்காது. இப்போது வைத்திருப்பது அப்படி அடைத்த 8x42. ஐந்தேகால் மில்லிமீட்டர் ஒளி. ஆறுமணிக்குருவியின் வயிற்றுச் சிவப்பை அதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மருமகன் சுடுவது பகலில். வெளிச்சத்துக்கு அங்கே பஞ்சமில்லை, ஆனால் கானல் இருக்கிறது. கோடை வெயிலில் தரை சூடாகிக் காற்று நெளியும்போது, நாற்பது மடங்கில் இலக்கு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் ஆடும். இருபத்தைந்துக்கு இறக்கினால் ஆட்டம் அடங்கும். எங்களுக்கு மூடுபனி, அவர்களுக்குக் கானல். பெருக்கப் பெருக்க, இடையில் இருப்பதும் சேர்ந்துதான் பெருகும். ஆனால் அந்தக் கானலைப் பகையாக மட்டும் எண்ணவேண்டாம் என்றும் சொன்னேன். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்துத்தான் அவர்கள் காற்றின் திசையையும் வேகத்தையும் எடைபோடுகிறார்கள். ஸ்கோப் அந்த நெளிவைத் தெளிவாகக் காட்டவேண்டும், அதில் இலக்கு தொலையவும் கூடாது. அதற்கு நல்ல கண்ணாடி வேண்டும், பெரிய எண் போதாது.

குழாயின் அகலத்திலும் ஒரு மயக்கம் உண்டு. 34 மில்லிமீட்டர்க் குழாய் 30ஐ விட அதிக வெளிச்சம் தரும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. வெளிச்சத்தைத் தீர்மானிப்பது முன்வில்லை. அகலக் குழாயால் கிடைப்பது, உள்ளே குறிக்கம்பிகளை மேலும் கீழும் நகர்த்த அதிக இடம். தூரம் கூடக்கூடக் குண்டு விழும் ஆழமும் கூடும், அந்த இடம் தேவைதான்.

அடுத்து, குறிக்கம்பிகள் எந்தத் தளத்தில் இருக்கவேண்டும் என்று கேட்டான். முதல் குவியத்தளத்தில் இருந்தால் உருவத்தோடு சேர்ந்து கம்பிகளும் பெருகும், அளவுகள் எந்த உருப்பெருக்கத்திலும் பொருந்தும். இரண்டாம் தளத்தில் இருந்தால் கம்பிகள் மெல்லியதாகவே நிற்கும், அளவு ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் சரி. இடம் மாறி, தூரம் மாறிச் சுடுகிறவர்களுக்கு முதலாவது. தெரிந்த தூரத்தில், அசையாத இலக்கைச் சுடும் இவனுக்கு இரண்டாவதே போதும். தடித்த கம்பி அந்த நடு வளையத்தையே மூடிவிடும். கம்பிகளை நகர்த்தும் குமிழின் ஒரு சொடுக்கும் நுணுக்கமாக இருக்கவேண்டும். மில் என்ற கோண அளவில் பத்தில் ஒன்று என்றால் 900 மீட்டரில் 9 சென்ரிமீட்டர் தாவும். ஒரு கோணத்துளியின் எட்டில் ஒரு பங்கு என்றால் மூன்றே கால்தான். ஸ்கோப்பின் பாரத்தையும் பார்க்கச் சொன்னேன். அவன் சுடும் பிரிவில் துப்பாக்கி, தாங்கி, ஸ்கோப் எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, ஒரு கடையில் நல்ல விலைக்குக் கிடைத்ததென்று வேறொன்றை வாங்கிவிட்டான். மூன்று மாதம் கழித்து மறுபடி அழைத்தான். படம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் குமிழைப் பத்துச் சொடுக்கு ஏற்றிப் பத்துச் சொடுக்கு இறக்கினால் குறி பழைய இடத்துக்கு வரவில்லை. "சுழியத்துக்குத் திரும்பலை மாமா." குரல் உடைந்திருந்தது.

அப்போதுதான் அவனுக்கு அவனுடைய அம்மாயியின் கதையைச் சொன்னேன்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டி, நடுவில் தராசு தொங்கும். வட்ட முகப்பு, கறுத்த முள். கூடையை மாட்டுவதற்கு முன்னால் அம்மா முள்ளைப் பார்ப்பாள். கழற்றிய பிறகும் பார்ப்பாள். ஒரு நாள் வெறுந்தராசில் முள் சுழியத்துக்கு இந்தப் பக்கம், இரண்டு கிலோ பின்னால் நின்றது. அம்மா கூடையை மாட்டவில்லை. "முள்ளு வரட்டும் கணக்கப்பிள்ளை ஐயா, பெறகு நிறுங்க" என்றாள். பின்னால் நாற்பது பேர் மழையில் நிற்கிறார்கள். அவர் முள்ளைத் தட்டிச் சரிசெய்தார். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று எண்ணை வாசித்தார். அம்மா, "நேரா நின்னு பாருங்க ஐயா" என்றாள். முகப்புக்கும் முள்ளுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. பக்கத்தில் நின்று பார்த்தால் முள் வேறொரு எண்ணின்மேல் நிற்கும். இதைத்தான் நான் பின்னாளில் இடமாறு தோற்றப்பிழை என்று பாடம் நடத்தினேன். ஸ்கோப்பின் பக்கத்துக் குமிழும் இதைச் சரிசெய்யத்தான். தலையைச் சற்று அசைக்கும்போது கம்பி இலக்கின்மேல் நகர்ந்தால், இரண்டும் இன்னும் ஒரே தளத்துக்கு வரவில்லை என்று அர்த்தம்.

"தராசு பெரிசா இருந்து என்ன, பளபளன்னு இருந்து என்ன" என்று கேட்டேன். அவன் பேசவில்லை. சோதிக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தேன். துப்பாக்கியே வேண்டாம். ஸ்கோப்பை அசையாமல் மேசையில் இறுக்கி, சரியாக 100 மீட்டரில் ஒரு அளவுகோலை நிமிர்த்தி வை. 10 மில் ஏற்றினால் கம்பி சரியாக ஒரு மீட்டர் நகரவேண்டும். இறக்கினால் புறப்பட்ட கோட்டில் வந்து நிற்கவேண்டும். இருபது தடவை செய். இருபதாவது தடவையும் அதே கோட்டில் நின்றால் வாங்கு. இரண்டாவது ஸ்கோப்பை அப்படித்தான் வாங்கினான். முப்பத்தைந்து மடங்குதான். இன்றுவரை முள் வந்து நிற்கிறது.

போன மார்கழியில் வந்திருந்தான். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. தோட்டத்துக்கு மேலே ரோட்டு வளைவில் கதிரை போட்டு உட்கார வைத்து, என் 8x42ஐக் கொடுத்தோம். கண்ணில் வைத்துப் பழக அவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. நான் பங்களாவைக் காட்டப் போனேன். அவள் கண்ணாடியைக் கீழே, தான் பறித்த மலைப்பக்கம் திருப்பினாள்.

"கவ்வாத்து பிந்திப் போச்சு" என்றாள். பிறகு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

"மூணாவது நெரையில ஒருத்தி ஒத்தக் கையால பறிக்கிறா. தோள்ல நோவு போல. யாரு பெத்த புள்ளையோ." கண்ணாடியைப் பேரனிடம் நீட்டினாள். "இந்தா, நீயும் பாரு. கிட்டத்துல போயிக் கேட்டுட்டு வா."

அவன் படிக்கட்டில் இறங்கத் தொடங்கினான்.